நாற்பதைக் கடந்தவர்களும் கணினிக்கு நிரல் எழுதக் கற்கலாம்

சென்ற ஆண்டு, தகவல் கூட்டம் ஒன்றை நடத்துவதற்காக ஒரு ரப்பர் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து மக்கள் கலைந்தபோது, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க தொழிலாளர் ஒருவர் என்னை அணுகினார். அவர் கையில் அட்டை கிழிந்த நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. நாள்தோறும் தாம் பால் கொட்டகையில் கொடுத்த பாலின் எடை, அன்றைய விழுக்காடு, கட்டிப்பாலின் எடை ஆகிய அனைத்தையும் ஈராண்டுகளாக அதில் அவர் குறித்து வந்திருந்தார்.

“ஐயா, போன மாதம் என் கணக்கும் சம்பளச் சீட்டும் ஒத்துவரவில்லை. மூன்று இரவுகள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் மூன்று விடைகள் வந்தன. இப்படி இருக்கும்போது கிராணியாரிடம் போய் என்னவென்று கேட்பது? படிவம் நான்கில் படிக்கும் என் மகள், கணினிக்கு நிரல் எழுதினால் இதை ஒரு நொடியில் கூட்டிவிடலாம் என்கிறாள். அதை நானே கற்றுக்கொள்ள முடியுமா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று அவர் கேட்டார்.

நானும் என் நாற்பத்து மூன்றாம் வயதில்தான் நிரல் எழுதக் கற்கத் தொடங்கினேன். ஆகவே, முடியும் என்று அவருக்குத் தயங்காமல் விடை கூறினேன். ஆனால் ஏன் முடியும், எவ்வாறு முடியும் என்பதை விளக்க அன்று நேரம் போதவில்லை. அவரைப் போன்றே எண்ணும் வாசகர்கள் பலர் இருப்பர் என்பதால், அவ்விளக்கத்தை இங்கே எழுத முற்படுகிறேன்.

நிரல் என்றால் என்ன?

கணினி மிக விரைவாக வேலை செய்யும் ஒரு பொறி. ஆனால் தானாக முடிவெடுத்து ஒரு வேலையைத் தொடங்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. இன்ன வேலையை, இன்ன வரிசையில், இன்னவாறு செய் என்று மனிதர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதன்படி நடக்கும். அவ்வாறு எழுதிக் கொடுக்கப்படும் கட்டளைகளின் தொகுப்பையே நிரல் என்கிறோம். புரோகிராம் என்று பலரும் கூறுவது இதனைத்தான். வங்கியில் பணம் கொடுக்கும் இயந்திரமும், கைத்தொலைபேசியில் நாம் செய்தி அனுப்பும் செயலியும், தோட்ட அலுவலகத்தில் சம்பளச் சீட்டை அச்சிடும் கணினியும் யாரோ சிலர் எழுதி வைத்த நிரல்களின்படியே இயங்குகின்றன.

புதிதாக வேலைக்கு வந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவரிடம் “அந்த நிரையைப் பார்த்துக்கொள்” என்று மட்டும் கூறினால் அவரால் என்ன செய்ய இயலும்? எந்த மரத்தில் தொடங்குவது, பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது, மங்கை எங்கே வைப்பது, மழை வந்தால் என்ன செய்வது என ஒவ்வொன்றாகக் கூற வேண்டும். கணினியும் அத்தகைய புதிய ஆள்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. புதிய ஆள், கூறாமல் விட்டதையும் பக்கத்து நிரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். கணினி அவ்வாறு செய்யாது. கூறியதை மட்டுமே செய்யும். தவறாகக் கூறினால் தவறாகவே செய்யும்.

ஆகவே, நிரல் எழுதும் திறமையின் பெரும்பகுதி, ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எதையும் விடாமல், குழப்பமின்றிக் கூறுவதில்தான் அடங்கியிருக்கிறது. வேலையை நன்கு அறிந்தவருக்கே அது கைவரும். இருபது ஆண்டுகள் மரம் சீவியவர், சீவும் வேலையின் படிகளைத் தம் கையாலேயே அறிந்தவர். இந்த அறிவு இருபது வயது இளைஞருக்குக் கிடையாது.

மூன்று அடிப்படைகள்

எவ்வளவு பெரிய நிரலாயினும் அதன் உள்ளே இருப்பவை மூன்று வகையான அமைப்புகளே. அம்மூன்றையும் நாம் அன்றாடம் நிரையில் கையாண்டு வருகிறோம்.

முதலாவது, வரிசை. மரத்தருகே சென்றதும், பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பரை உரித்தெடுக்கிறோம். பின்னர் மங்கைத் துடைக்கிறோம். பின்னர் பட்டையைச் சீவுகிறோம். பின்னர் மங்கை அதன் இடத்தில் வைக்கிறோம். இவ்வரிசை மாறினால் வேலை கெடும்.

இரண்டாவது, நிபந்தனை. இரவில் மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் காத்திருக்கிறோம், ஈரமில்லையென்றால் சீவுகிறோம். பட்டை காய்ந்து பால் வற்றிப்போன மரமாக இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்கிறோம். “இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்” என்பதே நிபந்தனை.

மூன்றாவது, மீண்டும் மீண்டும் செய்தல். நிரையில் ஐந்நூறு மரங்கள் இருந்தால் மண்டோர் ஐந்நூறு முறை கட்டளை இடுவதில்லை. “முதல் மரம் தொடங்கிக் கடைசி மரம் வரை இவ்வாறே செய்” என்று ஒருமுறை கூறுகிறார். நிரலிலும் அவ்வாறே.

இம்மூன்றே போதுமா என்று ஐயம் எழலாம். கணினியால் செய்யக்கூடிய கணக்கு எதுவாயினும் இம்மூன்று அமைப்புகளைக் கொண்டே எழுதிவிட முடியும் என்பதை, 1966ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர்களான கொராடோ போம், ஜியுசெப்பே யாகோபினி ஆகிய இருவரும் மெய்ப்பித்துக் காட்டினர். எனவே, இம்மூன்றையும் தெளிவாக விளங்கிக்கொண்டவர் நிரலாக்கத்தின் அடித்தளத்தை அமைத்துவிட்டார் எனலாம்.

பால் கணக்கிற்கு ஒரு நிரல்

இனி, அந்த நண்பரின் நோட்டுப் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். பாலின் எடை முழுவதும் ரப்பர் அன்று. அதில் பெரும்பகுதி நீர். பால் கொட்டகையில் டி.ஆர்.சி. என்று கூறுவது, அப்பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் விழுக்காட்டையே குறிக்கும். எடையை விழுக்காட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் உலர்ந்த ரப்பரின் எடை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, திங்கட்கிழமை ஒருவர் 24 கிலோ பால் கொடுத்தார், விழுக்காடு 35. உலர்ந்த ரப்பர் 8.40 கிலோ. புதன்கிழமை அவர் 26 கிலோ கொடுத்தார், விழுக்காடு 32. உலர்ந்த ரப்பர் 8.32 கிலோ. பால் இரண்டு கிலோ கூடியிருந்தும் ரப்பர் சற்றுக் குறைந்திருக்கிறது. இக்கணக்கு விளங்காதபோதுதான் பால் கொட்டகையில் மனவருத்தங்கள் தோன்றுகின்றன.

இதற்கான நிரலைத் தமிழிலேயே எழுதிப் பார்ப்போம். நிரலில் எண்களைப் போட்டு வைப்பதற்குப் பெயரிட்ட பெட்டிகள் உண்டு. மங்கில் பால் இருப்பதுபோல் பெட்டியில் எண் இருக்கும் என்று கொள்ளுங்கள்.

1. ‘மொத்தம்’ என்னும் பெட்டியில் 0 வை.
2. மாதத்தின் ஒவ்வொரு வேலை நாளுக்கும் 3 முதல் 6 வரையுள்ள வரிகளைத் திரும்பத் திரும்பச் செய்.
3. அன்றைய பாலின் எடையை ‘எடை’ என்னும் பெட்டியிலும், அன்றைய விழுக்காட்டை ‘விழுக்காடு’ என்னும் பெட்டியிலும் வை.
4. எடையை விழுக்காட்டால் பெருக்கி, 100ஆல் வகுத்து, விடையை ‘உலர்’ என்னும் பெட்டியில் வை.
5. ‘உலர்’ 20க்கு மேல் இருந்தால், “இந்த நாளின் கணக்கைச் சரிபார்க்கவும்” என்று காட்டு.
6. ‘மொத்தம்’ என்னும் பெட்டியில் உள்ளதோடு ‘உலர்’ என்னும் பெட்டியில் உள்ளதைக் கூட்டு.
7. நாள்கள் அனைத்தும் முடிந்ததும் ‘மொத்தம்’ எவ்வளவு என்று காட்டு.

மேலே கூறிய மூன்று அமைப்புகளும் இதில் இருப்பதைக் காண்க. ஒன்றன்பின் ஒன்றாக வருவது வரிசை; ஐந்தாம் வரி நிபந்தனை; இரண்டாம் வரி மீண்டும் செய்தல். ஐந்தாம் வரியை ஏன் சேர்த்தோம் என்றால், அவசரத்தில் எண்ணைத் தவறாக எழுதுவது எல்லாருக்கும் நேர்வதே. நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது கிலோ கொடுப்பவரின் கணக்கில் திடீரென இருபது வந்தால் அங்கே ஏதோ பிழை இருக்கலாம். அது எவ்வளவு இருக்கலாம், எவ்வளவு இருக்க முடியாது என்பதை அறிந்தவர் மரம் சீவுபவரே. கணினி அறியாது, நகரத்தில் இருந்து நிரல் எழுதுபவரும் அறியார்.

இந்த ஏழு வரிகளையும் நாள் கணக்கையும் கணினிக்குரிய நிரல்மொழி ஒன்றில் மாற்றி எழுதிவிட்டால், ஒரு மாதக் கணக்கும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பத்து முறை கூட்டச் சொன்னாலும் பத்து முறையும் ஒரே விடைதான் வரும்.

பிழை வருவது இயல்பே

முதலில் எழுதும் நிரல் பெரும்பாலும் ஓடாது. இதனை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது நல்லது. ஏனெனில், வயதில் மூத்தவர்கள் இவ்விடத்தில்தான் மனம் தளர்ந்து விலகுகின்றனர்.

பிழைகள் மூவகைப்படும். முதல் வகை எழுத்துப் பிழை. ஒரு புள்ளியோ அடைப்புக்குறியோ விடுபட்டால் கணினி நிரலை ஏற்க மறுத்து, இன்ன வரியில் பிழை என்று கூறும். இரண்டாம் வகை, ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடுவது. நாளொன்றுக்குச் சராசரி எவ்வளவு என்று காண, மொத்தத்தை வேலை நாள்களால் வகுக்கச் சொல்கிறோம். நோய்வாய்ப்பட்டு மாதம் முழுவதும் வேலைக்குச் செல்லாதவரின் வேலை நாள் 0. எந்த எண்ணையும் 0ஆல் வகுக்க இயலாது. ஆகவே நிரல் நின்றுவிடும். இவ்விரு வகைகளும் தீங்கற்றவை. கணினியே நமக்கு அறிவித்துவிடுகிறது.

மூன்றாம் வகையே கவனத்திற்குரியது. நிரல் ஓடும்; விடையும் வரும்; ஆனால் விடை தவறாக இருக்கும். நான்காம் வரியில் 100ஆல் வகுக்க மறந்தால், 24 கிலோ பாலில் 840 கிலோ ரப்பர் என்று கணினி சிறிதும் கூசாமல் கூறும். முதல் வரியைத் திரும்பச் செய்யும் பகுதிக்குள் தவறுதலாக எழுதிவிட்டால், ஒவ்வொரு நாளும் மொத்தம் 0 ஆகிவிடும். மாத முடிவில் கடைசி நாளின் கணக்கு மட்டுமே மிஞ்சும். இவற்றைக் கண்டுபிடிக்க நல்ல வழி, விடை தெரிந்த சிறு கணக்கைக் கொடுத்துப் பார்ப்பதுதான். இரண்டு நாள் கணக்கைக் கையால் கூட்டி 16.72 என்று அறிந்துகொண்டு, நிரலும் அதையே கூறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நிரலில் உள்ள பிழையை ஆங்கிலத்தில் பூச்சி என்று பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள். பொறியாளர்கள் அச்சொல்லை முன்பிருந்தே வழங்கி வந்தனர். எனினும் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய பெருங்கணினி ஒன்று பழுதுபட, அதன் உள்ளே உண்மையாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அக்குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார், கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். தமது முப்பத்தேழாம் வயதில் கடற்படையில் சேர்ந்து, அதன் பின்னரே கணினியை முதன்முதலாகக் கண்டார். மனிதர் எழுதும் கட்டளைகளைக் கணினி மொழிக்கு மாற்றித் தரும் நிரலை 1952ஆம் ஆண்டில் உருவாக்கி, இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராகப் புகழ் பெற்றார்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் கூற வேண்டும். கற்கத் தொடங்கிய முதல் வாரத்தில், நான்கே வரிகள் கொண்ட நிரல் இரண்டு மணி நேரம் ஓட மறுத்தது. எனக்கு மூளை மழுங்கிவிட்டது என்றே எண்ணினேன். என் வகுப்பிலிருந்த இளைஞர் ஒருவர் திரையைப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளியும் ஒரு காற்புள்ளியும் இருப்பதைச் சுட்டிக் காட்டினார். என் மூளையில் குறையில்லை, கண்ணில்தான் வெள்ளெழுத்து. மறுநாள் கண்ணாடி வாங்கினேன். திரையின் எழுத்தையும் பெரிதாக்கிக்கொண்டேன். பிழைகள் பாதியாகக் குறைந்தன. நாற்பதைக் கடந்தவர்கள் கற்கத் தொடங்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, கண்ணைப் பரிசோதிப்பதே.

வயது தடையாகுமா?

வயது ஏற ஏறச் சில ஆற்றல்கள் குறைவது உண்மையே. புதிய செய்தியை விரைந்து பற்றிக்கொள்ளும் வேகம் இளமையில் உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்லக் குறைகிறது. ஆனால் சொல்வளமும், அனுபவ அறிவும் நடுவயதைக் கடந்தும் வளர்கின்றன என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆதலால் நாம் இளைஞர்களைவிட மெதுவாகக் கற்போம். ஆயினும் கற்றதைத் தக்க இடத்தில் பொருத்திப் பார்க்கும் ஆற்றல் நமக்கு அதிகம்.

மறதியைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை. செருமானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், மறதியைத் தம் மீதே சோதித்து 1885ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாள்களிலேயே மறந்துபோகிறது என்றும், ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்களைப் பிரித்துத் திரும்பப் படிப்பது நன்கு பதியும் என்றும் அவர் கண்டார். இன்றளவும் ஆசிரியர் பயிற்சியில் இது பாடமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட, வாரத்தில் ஐந்து நாள்கள் அரைமணி நேரம் உட்கார்வதே சிறந்தது.

முதன்முதலாக உளியைப் பிடித்த நாள்களை எண்ணிப் பாருங்கள். ஆழம் தெரியாமல் எத்தனை மரங்களில் காயம் ஏற்படுத்தியிருப்போம்! சில மாதங்கள் சென்றபின் இருட்டிலும் கை தானாக அளவறிந்தது. நிரலில் ஏற்படும் காயத்தால் மரம் கெடுவதில்லை. அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம்.

வேலை மாறியபோது கற்ற ஒருவர்

இயந்திரம் வந்து தன் வேலையைப் பறித்துக்கொள்ளுமோ என்ற அச்சம் தோட்டங்களில் மட்டும் எழுந்ததன்று. அவ்வச்சத்தை நேருக்கு நேர் சந்தித்த ஒருவரின் வரலாறு இங்கே பொருத்தமானது.

டோரதி வான் என்பவர் 1910ஆம் ஆண்டு பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி. வெர்ஜீனியா மாநிலத்தில் பள்ளியில் கணிதம் கற்பித்து வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943ஆம் ஆண்டில், லாங்லி என்னும் இடத்திலிருந்த விமான ஆய்வுக் கூடத்தில் கணக்கிடும் வேலைக்குச் சேர்ந்தார். விமானச் சோதனைகளின் நீண்ட கணக்குகளையெல்லாம் பெண்களே கையாலும் சிறு இயந்திரங்களாலும் செய்து வந்த காலம் அது. கம்ப்யூட்டர் என்ற சொல் அந்நாளில் அப்பெண்களைத்தான் குறித்தது. நிறப் பாகுபாடு நிலவியதால் கறுப்பினப் பெண்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. 1949ஆம் ஆண்டில் அப்பிரிவின் தலைமைப் பொறுப்பு டோரதி அம்மையாருக்குக் கிடைத்தது.

பின்னர் மின்னணுக் கணினிகள் அக்கூடத்திற்கு வந்து சேர்ந்தன. பல பெண்கள் பல நாள்கள் செய்த கணக்கை அவை விரைவில் முடித்தன. கணக்கிடும் வேலை கைவிட்டுப் போகும் என்பது டோரதி அம்மையாருக்குத் தெளிவாயிற்று. 1958ஆம் ஆண்டில் அக்கூடம் நாசாவின் ஒரு பகுதியாகி, தனிப் பிரிவும் கலைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. 1957ஆம் ஆண்டில் வெளிவந்திருந்த ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழியை அவர் கற்றுத் தேர்ந்தார். தாம் கற்றதோடு நில்லாமல், உடன் பணியாற்றிய பெண்களுக்கும் கற்பித்தார். கணினிப் பிரிவிலேயே பணியாற்றி 1971ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார்.

அவர் ஏற்கெனவே அறிந்திருந்த கணக்குகளைத்தான் கணினியும் செய்தது. அக்கணக்குகளின் போக்கையும், எங்கே பிழை நேரும் என்பதையும் அவர் ஆண்டுக்கணக்கில் அறிந்திருந்தார். பழைய வேலையின் அறிவே புதிய வேலைக்கு முதலாயிற்று.

வயது இன்னும் கூடியவர்களுக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜப்பானில் வங்கி ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற மசாகோ வாகாமியா என்ற மூதாட்டி, 2017ஆம் ஆண்டில், தமது எண்பத்தோராம் வயதில், கைத்தொலைபேசி விளையாட்டு ஒன்றை உருவாக்கி வெளியிட்டார். விரைவாக விரலை அசைக்க வேண்டிய விளையாட்டுகளில் முதியோர் தோற்றுப்போகிறார்களே என்ற குறையே அவரைத் தூண்டியது. ஜப்பானியரின் பொம்மைத் திருநாளில் பொம்மைகளை அவற்றுக்குரிய படிகளில் வைப்பதே அவ்விளையாட்டு. மரபை அறிந்த முதியோரே அதில் எளிதில் வெல்லலாம். தமக்குத் தெரிந்ததையும் தமக்குத் தேவையானதையும் கொண்டு தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

எவ்வாறு தொடங்குவது?

முதலில், தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பால் கணக்கு, வீட்டுச் செலவு, கூட்டுக் கட்டு, கோயில் திருவிழா வரவு செலவு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம். தேவை இல்லாமல் கற்பது நெடுநாள் நிலைக்காது.

அடுத்து, கணினியைத் தொடாமலே அவ்வேலையை நோட்டுப் புத்தகத்தில் படிப்படியாகத் தமிழில் எழுதுங்கள். அதை வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுத்து, எழுதியதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு படி விடுபட்டிருக்கிறது என்று பொருள். முதல் இரண்டு வாரங்களுக்கு இப்பயிற்சியே போதும்.

பின்னர் நிரல்மொழி ஒன்றைக் கற்கத் தொடங்கலாம். தொடக்க நிலையினருக்குப் பைத்தான் என்னும் மொழி ஏற்றது. நெதர்லாந்தைச் சேர்ந்த குய்டோ வான் ரோசம் என்பவர் 1991ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். அதனைப் பெறுவதற்குக் கட்டணம் இல்லை. ஆங்கிலம் தெரியாதே என்று தயங்குவோர் ஒன்றை அறிய வேண்டும்: அம்மொழியில் தனிப்பொருள் வரையறுக்கப்பட்ட அடிப்படைச் சொற்கள் 35 மட்டுமே. தொடக்கத்தில் அவற்றுள் பத்துச் சொற்களே போதும். பெட்டிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கவும் அதில் இடமுண்டு. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் எழில் என்னும் மொழியை முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கியுள்ளார். முதலில் அதில் எழுதிப் பழகிவிட்டுப் பின்னர் பைத்தானுக்கு வருவதும் நல்ல வழியே.

கணினி வீட்டில் இல்லாதோர், அருகிலுள்ள ஊரில் ‘நாடி’ எனப்படும் அரசாங்க இணைய மையம் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். அங்குள்ள கணினிகளைப் பயன்படுத்தலாம்; பயிற்சிகளும் நடைபெறுகின்றன. கைத்தொலைபேசியிலும் எழுதிப் பழகலாம். ஆனால் எழுத்துகள் சிறியனவாக இருப்பதால் கண்ணுக்குச் சிரமம்.

பிள்ளைகளிடம் கேட்டுக் கற்பதில் வெட்கம் வேண்டாம். படிவம் நான்கு, ஐந்து மாணவர்களில் கணினி அறிவியல் பாடம் எடுப்போர் நிரல் எழுதக் கற்கின்றனர். தந்தை கேட்க மகள் சொல்லித் தருவது அவளுடைய படிப்பிற்கும் துணையாகும். கற்பிப்பவரே நன்கு கற்கிறார் என்பது ஆசிரியர்கள் அனைவரும் கண்ட உண்மை. ஆனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை வாயால் சொல்லட்டும், விசைப்பலகையைத் தொடுவது உங்கள் விரலாகவே இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

மூன்று மாதத்தில் நிரல் எழுதக் கற்றுப் பெருஞ்சம்பளம் பெறலாம் என்று கூறி ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். தொடக்கப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நாளுக்கு அரைமணி நேரம் பழகுபவர், தம் சொந்தக் கணக்கைச் செய்யும் நிரலைச் சில மாதங்களில் எழுதலாம். அதைத் தொழிலாக்கிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வேண்டும். அவ்வாறு உழைத்தும் நடுவயதில் வேலை தேடுவது எளிதன்று. ஆகவே, இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கற்க வேண்டாம். வேலையோடு கற்க வேண்டும்.

மற்றொன்று: 2022ஆம் ஆண்டின் இறுதி தொட்டு, நாம் பேசும் மொழியில் கேட்டாலே நிரலை எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பொதுமக்களின் கைக்கு வந்துள்ளன. பிறகு நாம் ஏன் கற்க வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். அச்செயலி எழுதிய நிரல் 100ஆல் வகுத்ததா, மொத்தத்தைச் சரியாகக் கூட்டியதா என்று யார் பார்ப்பது? படிக்கத் தெரியாதவர் பிறர் எழுதிய கடிதத்தில் கைந்நாட்டு இட்டது போலாகிவிடும். எழுத உதவி கேட்கலாம். சரிபார்க்கும் அறிவு நம்மிடம் இருக்க வேண்டும்.

முடிவாக

மேலே குறிப்பிட்ட தொழிலாளர் ஏழு மாதங்கள் கழித்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மகளின் உதவியோடு தம் பால் கணக்கை நிரலில் எழுதி முடித்துவிட்டதாகக் கூறினார். ஒத்துவராத அந்த மாதத்தின் கணக்கையும் அதில் இட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு நாளின் விழுக்காட்டை அவரே தவறாகக் குறித்திருந்தது முதலில் தெரிந்தது. அதைத் திருத்திய பின்னும் வேறுபாடு நீங்கவில்லை. நாள்வாரியாகப் பார்த்தபோது, இரண்டு நாள்களின் பால் சம்பளச் சீட்டில் ஏறவில்லை என்பது புலனாயிற்று. அச்சிட்ட தாளோடு சென்று கிராணியாரைக் கண்டார். கிராணியாரும் தம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, விடுபட்டதை அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தார். வாக்குவாதம் எதுவும் நிகழவில்லை.

“தொகை பெரிதில்லை ஐயா. ஆனால் என் தப்பு எது, ஆபீஸ் தப்பு எது என்று நானே எடுத்துச் சொன்னேன்” என்றார் அவர்.

நடுவயதில் ஒருவர் நிரல் எழுதக் கற்பதன் பயன் இதுவே. நம் உழைப்பின் கணக்கை நாமே பார்த்து, நாமே விளங்கிக்கொண்டு, நாமே எடுத்துரைக்கும் நிலை வேண்டும். அதற்குத் தேவையான அறிவில் பாதியை நிரையிலேயே பெற்றுவிட்டோம். மறுபாதிக்கு ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு கண்ணாடியும், நாளுக்கு அரைமணி நேரமும் போதும். இன்று மாலையே தொடங்கலாம்.